பணம் தேடியவர்கள் தெற்கே, கடவுளைத் தேடியவர்கள் வடக்கே? ஆங்கிலேயரின் தொடக்கக் குடியேற்றங்கள் குறித்த ஓர் இழை

கேள்வி: இழையைத் தொடங்கிய வாசகர், 6 ஜனவரி 2024

வர்ஜீனியாவுக்குப் போன ஆங்கிலேயர் பொருள் தேடிப் போனார்கள். மாசசூசெட்ஸுக்குப் போனவர்கள் தங்கள் சமயத்தைக் காத்துக்கொள்ளப் போனார்கள். ஆகவேதான் முன்னது அடிமைகளின் உழைப்பில் வாழும் தோட்ட முதலாளிகளின் நாடாகவும், பின்னது பள்ளிக்கூடமும் ஊர்க்கூட்டமும் உள்ள சிறு உழவர்களின் நாடாகவும் ஆயின. ஒரே நாட்டிலிருந்து, ஒரே தலைமுறையில், ஒரே மொழி பேசிக்கொண்டு கப்பல் ஏறியவர்கள் இப்படிப் பிரிந்து போனதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையா?

6 ஜனவரி 2024, இரவு

தேவை. இரு குடியேற்றங்களும் பங்குதாரர்களின் பணத்தில், அரச பட்டயத்தின்கீழ் நிறுவப்பட்டவை என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். லண்டன் வர்ஜீனியா கம்பெனிக்கு முதலாம் ஜேம்ஸ் பட்டயம் தந்தது 1606இல். மாசசூசெட்ஸ் பே கம்பெனிக்கு முதலாம் சார்லஸ் தந்தது 1629இல். வர்ஜீனியாவில் சமயம் இல்லாமலும் இல்லை. 1610-11இல் அங்கு நடைமுறைக்கு வந்த இராணுவச் சட்டத் தொகுப்பு நாள்தோறும் இருமுறை வழிபாட்டுக்கு வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. வராதவருக்கு உணவுப் பங்கீடு வெட்டப்பட்டது. மாசசூசெட்ஸில் பணம் இல்லாமலும் இல்லை; மீனும் மரமும் எவ்வளவுக்கு விற்கும் என்று கணக்குப் பார்க்காத பியூரிட்டன் (இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த முனைந்த சமயப் பிரிவினர்) வணிகர் பாஸ்டனில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உண்மையான வேறுபாடு யார் போனார்கள், போனவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதில் தொடங்குகிறது. 1607 மே மாதத்தில் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய ஏறக்குறைய 104 பேரும் ஆண்களும் சிறுவர்களுமே. உவர்நீர் ஏறும் ஆற்றங்கரைச் சதுப்பில் கோட்டையைக் கட்டிக்கொண்டு, அதே ஆற்று நீரைக் குடித்து, வயிற்றுக்கடுப்பிலும் காய்ச்சலிலும் மடிந்தார்கள். 1609-10 குளிர்காலத்தில், அப்பகுதிப் பழங்குடியினரான போவத்தன் கூட்டமைப்பினர் கோட்டையைச் சூழ்ந்து உணவு வரும் வழியை அடைத்தபோது, சில நூறு பேரில் அறுபது பேர் அளவில்தான் எஞ்சினர். 1624இல் கம்பெனியின் பட்டயம் பறிக்கப்பட்டு வர்ஜீனியா அரச குடியேற்றமாக மாறிய வேளையில், அதுவரை அனுப்பப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். சிலர் ஊர் திரும்பியிருப்பர் என்று கழித்துக்கொண்டாலும் இது ஒரு கல்லறைக் கணக்கே.

மாசசூசெட்ஸுக்கு 1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் போன கப்பல்களில் கணவன், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர் என்று குடும்பங்களாகப் போனார்கள். அடுத்த பத்தாண்டுகளில் நியூ இங்கிலாந்துக்கு (மாசசூசெட்ஸும் அதைச் சுற்றிய வடக்குக் குடியேற்றங்களும்) போன ஏறக்குறைய 20,000 பேரிலும் குடும்பங்கள் மிகுதி. முதல் குளிர்காலத்தைத் தாண்டியவர்கள் நெடுநாள் வாழ்ந்தார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார்கள். வர்ஜீனியா அமைந்த செசபீக் விரிகுடாப் பகுதியில் பெற்றோர் இருவரையும் இழந்து வளர்ந்த குழந்தைகள் ஏராளம். அவர்களின் சொத்தைப் பராமரிப்பதே நீதிமன்றங்களின் முக்கிய வேலைகளுள் ஒன்றாக இருந்தது.

6 ஜனவரி 2024, நள்ளிரவுக்குச் சற்று முன்

புகையிலையைக் குறிப்பிடாமல் மேலே உள்ளதை அனுப்பிவிட்டேன். ஜான் ரால்ஃப் 1612 வாக்கில் மேற்கிந்தியத் தீவுப் பகுதி விதையைக் கொண்டு பயிரிட்ட இனிய புகையிலை லண்டனில் விலை போயிற்று. 1617இல் ஏறக்குறைய 20,000 பவுண்டு எடை ஏற்றுமதி ஆயிற்று. சில ஆண்டுகளில் தெருக்களிலும் புகையிலை நட்டார்கள். மண்ணின் சத்தை மூன்று நான்கு ஆண்டுகளில் உறிஞ்சிவிடும் பயிர் அது. எனவே புதுநிலம் ஓயாமல் தேவைப்பட்டது. நடவு முதல் இலை பதப்படுத்துவது வரை ஆண்டு முழுதும் கைகளும் தேவைப்பட்டன. நாளை விரிவாக எழுதுகிறேன்.

9 ஜனவரி 2024

நாளை என்று சொன்னது மூன்று நாள் ஆகிவிட்டது. இதற்குள் இரண்டு வாசகர்கள் குளிரும் வெப்பமுமே எல்லாவற்றையும் தீர்மானித்தன என்று எழுதியிருக்கிறார்கள். தட்பவெப்பத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் நிலம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் என் கருத்தில் இந்த வேறுபாட்டின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

வர்ஜீனியா கம்பெனி 1618இல் கொண்டுவந்த தலைவீத முறைப்படி, ஒருவரைத் தன் செலவில் கப்பலேற்றிக் கொண்டு வருபவருக்கு ஐம்பது ஏக்கர் நிலம். பத்துப் பேருக்குக் கப்பல் கூலி கட்டினால் ஐந்நூறு ஏக்கர். வந்தவர் அந்தக் கடனுக்கு ஈடாக நான்கிலிருந்து ஏழு ஆண்டு வரை ஒப்பந்தப் பணியாளாக உழைப்பார். ஆக, ஆளைக் கொண்டு வருவதால் நிலமும், அந்த நிலத்தில் உழைக்கும் கையும் ஒரே மனிதரிடம் ஒரே வேளையில் சேர்ந்தன. கையில் பணம் இருந்தவர் மேன்மேலும் பெருக, இல்லாதவர் ஒப்பந்தக் காலத்தைத் தாண்டி உயிரோடு இருந்தாலே பெரிது என்ற நிலை. பெருந்தோட்டங்கள் ஜேம்ஸ், யார்க், ரப்பஹானக் ஆற்றங்கரைகளில் சிதறிக் கிடந்தன. கடற்கப்பலே ஆற்றின் வழியாகத் தோட்டத்தின் துறைக்கு வந்து புகையிலையை ஏற்றிக்கொண்டு, இங்கிலாந்துச் சாமான்களை இறக்கிவிட்டுப் போகும். இடையில் சந்தைக்கோ நகரத்துக்கோ வேலை இல்லை. நகரங்களை அமைக்க 1680இல் சட்டமே இயற்றிப் பார்த்தார்கள். பெரிதாகப் பயன் ஒன்றும் விளையவில்லை.

மாசசூசெட்ஸில் குடியேற்றத்தை ஆண்ட பொதுமன்றம் தனியாளுக்குப் பதிலாக ஓர் ஊராகச் சேர்ந்து வந்து கேட்ட குழுவுக்கே பெரும்பாலும் நிலம் கொடுத்தது. அந்தக் குழு வழிபாட்டு மனைக்கும் மேய்ச்சலுக்கும் பொது இடம் ஒதுக்கி, வீட்டு மனைகளை அருகருகே அமைத்து, வயல்களைக் குடும்பத்தின் அளவையும் தகுதியையும் பார்த்துப் பிரித்துக் கொடுத்தது. தகுதி என்பதைக் கவனியுங்கள்: சமத்துவம் அவர்கள் நோக்கமன்று, போதகருக்கும் வசதியானவருக்கும் கூடுதலாகவே கிடைத்தது. ஆனால் ஆள் கொண்டுவந்தால் நிலம் பெருகும் என்ற வழி அங்கே ஓங்கவில்லை. 1636இல் தோன்றிய டெடம் போன்ற ஊர்கள் தமக்குக் கிடைத்த பரப்பில் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்காகப் பிரிக்காமலே பல ஆண்டுகள் வைத்திருந்தன.

இரண்டும் பிறர் நிலத்தைப் பங்கிட்ட கதைகள் என்பதை யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் நியூ இங்கிலாந்துக் கடற்கரைப் பழங்குடியினரில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டிருந்தது. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் பிளிமத் ஊரை அமைத்தது பட்டுக்செட் என்ற, ஆளற்றுப் போன வாம்பனோக் பழங்குடியினர் ஊரின் வயல்களில். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டங்கள் விரிய விரிய நெருக்கம் மிகுந்து, 1622 மார்ச் மாதத்தில் போவத்தன் தலைவர் ஒப்பெச்சங்கனோ நடத்திய தாக்குதலில் 347 குடியேறிகள் மாண்டனர். வடக்கே பழங்குடியினருடன் 1637இல் பீக்குவாட் போர், 1675-76இல் மெட்டகோம் போர். நிலம் பங்கிடும் முறை வேறுபட்டாலும் நிலம் வந்த வழி வேறுபடவில்லை.

9 ஜனவரி 2024, மாலை

மேலுள்ளதற்கு ஒரு பின்னொட்டு. நான் மாசசூசெட்ஸின் ஒரு சிற்றூரில் சில ஆண்டுகள் குடியிருந்து, பின் வேலை நிமித்தமாக வர்ஜீனியாவில் ரிச்மண்டுக்கு அருகே குடிபெயர்ந்தவன். முதல் ஊரில் ஆண்டுக்கூட்டம் பள்ளியின் விளையாட்டரங்கில் நடக்கும். வாக்குரிமை இல்லாத என்னைப் போன்றவர்களுக்குத் தனியாகக் கயிறு கட்டி இடம் ஒதுக்குவார்கள். தீயணைப்பு வண்டி ஒன்று வாங்குவதா, பழையதைப் பழுது பார்ப்பதா என்று ஒரு மாலை முழுவதும் வாதிட்டு, கையுயர்த்தி வாக்களித்தார்கள். வாதத்தின் தரம் அப்படியொன்றும் உயர்வாக இல்லை. ஒரே மனிதர் நான்குமுறை எழுந்து ஒரே கருத்தைச் சொன்னார். இருந்தாலும் ஊரின் வரவுசெலவை ஊராரே அந்த இடத்தில் தீர்மானித்தது கண்கூடு.

வர்ஜீனியாவில் அப்படி எதுவும் இல்லை. பள்ளிக்கும், காவலுக்கும், வரிக்கும் கவுன்ட்டிதான் (நம் மாவட்டம் போன்ற பிரிவு). வரைபடத்தைப் பார்த்தால் ஊர்ப் பெயரே "கோர்ட் ஹவுஸ்" என்று முடியும் இடங்கள் பல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படைத்தலைவர் லீ சரணடைந்த அப்பமாட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ் எல்லாரும் அறிந்தது. சிதறிக் கிடந்த தோட்டக்காரர்கள் ஒன்றுகூடியது நீதிமன்ற நாளில்தான் என்பதால், நீதிமன்றத்தைச் சுற்றித்தான் ஏதோ ஓர் ஊர் முளைத்தது. 1634இல் பிரிக்கப்பட்ட எட்டுக் கவுன்ட்டிகளில் நீதிபதிகளாக அமர்ந்தவர்கள் ஆளுநர் நியமித்த பெருநிலக்காரர்கள். திருச்சபை வட்டத்தை நடத்திய பன்னிருவர் குழுவிலும் ஓர் இடம் காலியானால் மீதமிருப்பவர்களே ஆள் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1662இல் ஆயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை 1619 ஜூலையிலேயே, அதாவது மேஃபிளவர் கிளம்புவதற்கு ஓராண்டுக்கு முன்பே, வர்ஜீனியாவில்தான் கூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மக்களாட்சி வடக்கில் பிறந்தது என்று சொல்பவர்கள் இதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

10 ஜனவரி 2024

"ஆண்கள் மட்டும் போனால் சமூகம் எப்படி உருவாகும்?" என்று கேட்ட வாசகருக்கு: கம்பெனியும் அதையேதான் கேட்டுக்கொண்டது. 1620-21இல் மணப்பெண்களைக் கப்பலில் அனுப்பியது. மணக்கும் தோட்டக்காரர் பயணச் செலவுக்கு ஈடாக முதலில் 120 பவுண்டும் பிறகு 150 பவுண்டும் எடையுள்ள நல்ல புகையிலை தர வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சீர் கொடுத்த இந்தச் செய்தியை நம் ஊர்க் கல்யாணத் தரகர்களுக்கு யாரும் அனுப்பிவிட வேண்டாம். (அதற்கும் முன், 1608இல், பொன் கிடைத்துவிட்டது என்று ஒரு கப்பல் நிறைய மின்னும் மண்ணை லண்டனுக்கு அனுப்பியவர்களும் இவர்களே.)

13 ஜனவரி 2024

இப்போது தட்பவெப்பமும் சமயமும். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சோதித்துப் பார்க்க வரலாறு ஒரு தீவைத் தந்திருக்கிறது. இழையில் இதுவரை யாரும் அதன் பெயரை எடுக்காதது எனக்கு வியப்பு.

நிகராகுவாக் கடற்கரைக்கு அப்பால், இன்று கொலம்பியாவுக்குச் சொந்தமான பிராவிடென்சியா என்ற சிறுதீவு இருக்கிறது; ஆங்கிலேயர் அதை பிராவிடென்ஸ் தீவு என்றார்கள். வின்த்ராப் பாஸ்டனுக்குப் போன அதே 1630இல், வாரிக் பிரபு, சேய் அண்ட் சீல் பிரபு, ஜான் பிம் ஆகிய முதல்தரமான பியூரிட்டன் தலைவர்கள் அங்கே ஒரு குடியேற்றம் அமைக்கக் கம்பெனி தொடங்கினார்கள். 1631இல் குடியேறிகளை ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் சீஃபிளவர். சமய ஒழுக்கத்தில் இவர்கள் மாசசூசெட்ஸ்காரர்களுக்குச் சற்றும் இளைத்தவர்கள் அல்லர். உண்மையில், வடக்கே குளிர்ந்த கரையில் போய் என்ன சாதிக்கப் போகிறீர்கள், கடவுள் காட்டிய இடம் இதுதான் என்று நியூ இங்கிலாந்துக்காரர்களைத் தெற்கே அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தே ஆண்டுகளில் அந்தத் தீவில் ஆங்கிலேயரைவிட ஆப்பிரிக்க அடிமைகள் மிகுந்தனர். ஆங்கிலேயக் குடியேற்றங்களிலேயே முதல் அடிமைக் கிளர்ச்சியாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பது 1638 மே மாதத்தில் இங்கே நடந்ததைத்தான். அடிமைகள் தப்பிக்க உதவிய சாமுவேல் ரிஷ்வொர்த் என்ற பியூரிட்டனைத் தலைமைக் கம்பெனி கடிந்துகொண்டது. விவசாயம் இலாபம் தராததால் ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையிடும் தளமாகத் தீவு மாறியது. 1641இல் ஸ்பானியர் வந்து கைப்பற்றியதோடு கதை முடிந்தது.

சமயம் ஒன்றே போதும் என்றால் இது இன்னொரு பாஸ்டனாக ஆகியிருக்க வேண்டும். வெப்பமண்டலம் என்பதால்தான் இப்படியாயிற்று என்று சிலர் உடனே சொல்வர். ஆனால் அந்தத் தீவில் குடியேறியவர்களுக்கு நிலம் சொந்தமாகக் கிடைக்கவே இல்லை என்பதைப் பாருங்கள். அவர்கள் லண்டனில் இருந்த பங்குதாரர்களின் வாரக் குடிகள். விளைச்சலில் பாதி கம்பெனிக்கு. ஆளுநரையும் சட்டத்தையும் லண்டனே அனுப்பியது. மாசசூசெட்ஸ்காரர்களோ பட்டயத்தையே பெட்டியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுபோய்விட்டார்கள்! கம்பெனிக் கூட்டம் லண்டனில் நடக்க வேண்டும் என்று பட்டயத்தில் எழுதப்படாததைப் பயன்படுத்திக்கொண்டு, பங்குதாரர் கூட்டத்தையே குடியேற்றத்தின் அரசாக மாற்றிக்கொண்டார்கள். நிலம் தன் மகனுக்குப் போகும் என்று தெரிந்தவன் கல்சுவர் எழுப்புவான். பாதி விளைச்சல் லண்டனுக்குப் போகும் என்று தெரிந்தவன் விரைவாகப் பணம் தரும் வழியைத் தேடுவான்.

14 ஜனவரி 2024

ஒரு திருத்தம், என்னுடையதன்று. 1619இல் ஆப்பிரிக்கர் வந்ததும் வர்ஜீனியா அடிமை நாடாகிவிட்டது என்று எழுதிய வாசகருக்கானது. அந்த ஆகஸ்டில் வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் இறக்கப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் போர்ச்சுக்கீசிய அடிமைக் கப்பலிலிருந்து கொள்ளையிடப்பட்டு வந்தவர்கள். அவர்கள் விற்கப்பட்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வர்ஜீனியாவின் வயல்களில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆங்கிலேய ஒப்பந்தப் பணியாளர்களே. 1621இல் வந்த அந்தோனியோ என்ற ஆப்பிரிக்கர் விடுதலை பெற்று, அந்தோனி ஜான்சன் என்ற பெயரில் 1651இல் தலைவீத முறையிலேயே 250 ஏக்கர் பெற்றார். பிற்காலத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாத செய்தி இது.

கதவு ஒவ்வொரு சட்டமாக மூடப்பட்டது. 1662இல், தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. ஆங்கிலேயச் சட்டத்தில் பிள்ளை தந்தையின் நிலையையே பெறும் என்றிருந்ததைத் தலைகீழாக்கியதால், தோட்டக்காரர் தமக்குப் பிறந்த பிள்ளையையே சொத்தாக வைத்துக்கொள்ள முடிந்தது. 1667இல், ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை. 1670இல், நிலமற்ற விடுதலை பெற்ற பணியாளர்களுக்கு வாக்கு இல்லை. 1676இல் ஆளுநருக்கு எதிராக நேத்தானியல் பேக்கன் என்ற தோட்டக்காரர் நடத்திய கிளர்ச்சியில் நிலமற்ற வெள்ளையரும் கறுப்பரும் ஆயுதம் ஏந்திச் சேர்ந்து நின்று, ஜேம்ஸ்டவுன் எரிந்தது. 1705இல் முழு அடிமைச் சட்டத் தொகுப்பு வந்தது.

பேக்கன் கிளர்ச்சியால்தான் தோட்டக்காரர்கள் பயந்து அடிமைமுறைக்கு மாறினார்கள் என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. நானும் நெடுங்காலம் அதையே சொல்லி வந்தேன். இப்போது அது பாதி விளக்கம் என்றே கருதுகிறேன். இங்கிலாந்தில் கூலி உயர்ந்து, கப்பலேற முன்வரும் இளைஞர் குறைந்தனர். சாவு விகிதம் தணிந்ததால், ஏழாண்டுக்கு வாங்கும் ஆளைவிட வாழ்நாள் முழுதும் வாங்கும் ஆள் முதலாளியின் கணக்கில் மலிவானார். 1698இல் அடிமை வணிகத்தில் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு இருந்த தனியுரிமை போனதும் அடிமைக் கப்பல்கள் பெருகின. பயமும் இருந்திருக்கும், பேரேடு அதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டது.

20 ஜனவரி 2024

இழையைத் தொடங்கிய வாசகர், நான் சமயத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டதாக வருந்துகிறார். திரும்பப் படித்துப் பார்த்தேன். பிராவிடென்ஸ் தீவைக் காட்டிய வேகத்தில் தராசு ஒருபக்கம் சற்று அதிகமாகத்தான் சாய்ந்துவிட்டது. பள்ளிகளை நிலப்பங்கீட்டால் மட்டும் விளக்க முடியாது.

ஹார்வர்டு கல்லூரி 1636இல், முதல் பெருங்குடியேற்றத்துக்கு ஆறே ஆண்டுகளில். அச்சகம் கேம்பிரிட்ஜில் 1638-39இல். ஐம்பது வீடுள்ள ஊர் எழுத்தறிவிக்க ஆசிரியரை வைக்க வேண்டும், நூறு வீடுள்ள ஊர் இலத்தீன் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும் என்ற சட்டம் 1647இல். வேதத்தை மக்கள் படித்துவிடாமல் தடுப்பதே சாத்தானின் சூழ்ச்சி என்று அதன் முன்னுரையே காரணம் சொல்கிறது. வேதத்தை ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டும் என்ற கொள்கை இல்லாவிட்டால் இந்தச் செலவை எந்த உழவனும் ஏற்றிருக்க மாட்டான். அதே காலத்து வர்ஜீனியாவின் ஆளுநர் வில்லியம் பெர்க்லி, இலவசப் பள்ளிகளும் அச்சகமும் தம் நாட்டில் இல்லாமைக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லி 1671இல் லண்டனுக்கு எழுதினார். இன்னும் நூறாண்டு வராதிருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டார். ஆனால் வீடுகள் மைல் கணக்கில் சிதறியிருந்தால் 1647 சட்டத்தை இயற்றியும் பயனில்லை. கொள்கை பள்ளியைக் கேட்டது. நெருங்கிய ஊர் அதை நடத்த முடிந்தது.

சமயச் சுதந்திரம் தேடிப் போனார்கள் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். தங்கள் சமயத்துக்கு இடம் தேடினார்கள். பிறருடையதற்கு இடம் கொடுக்கவில்லை. ரோஜர் வில்லியம்ஸை 1635இல் நாடுகடத்தத் தீர்ப்பளித்தனர். அவர் 1636இல் பிராவிடென்ஸ் நகரை (தீவன்று, ரோட் ஐலண்டில் உள்ளது) நிறுவினார். ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மணி வீட்டில் கூட்டம் நடத்தி வேதம் விளக்கியதற்காக 1637இல் விசாரிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். 1659 முதல் 1661 வரை குவேக்கர் என்ற வேறொரு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நால்வரைப் பாஸ்டனில் தூக்கிலிட்டனர். அவர்களில் மேரி டயர் ஒருவர். 1631 முதல் திருச்சபை உறுப்பினருக்கு மட்டுமே வாக்கு. 1691இல் புதிய பட்டயம் வந்த பிறகே அது சொத்துத் தகுதியாக மாறியது.

21 ஜனவரி 2024

"அப்படியானால் வடக்கு கை கறைபடாதது என்கிறீர்களா?" இல்லை. மேலே எங்கும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி.

பீக்குவாட் போரில் பிடிபட்டவர்களை அடிமைகளாக விற்க டிசையர் என்ற கப்பல் மாசசூசெட்ஸிலிருந்து கிளம்பி, நான் முன்னே சொன்ன அதே பிராவிடென்ஸ் தீவுக்குப் போனது. 1638 பிப்ரவரியில் அது பருத்தியும் புகையிலையும் ஆப்பிரிக்க அடிமைகளும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. 1641இல் மாசசூசெட்ஸ் வெளியிட்ட உரிமைத் தொகுப்பு, நேரிய போரில் பிடிபட்டவரையும் விற்கப்பட்டு வந்தவரையும் அடிமைகளாக வைத்திருக்க எழுத்திலேயே இடம் தந்தது. வர்ஜீனியா அப்படி எழுதுவதற்கு முன்பே.

இதைவிடப் பெரியது பார்படாஸ். 430 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள அந்தத் தீவில் ஆங்கிலேயர் குடியேறியது 1627இல். முதலில் புகையிலையும் பருத்தியும் பயிரிட்டுச் சுமாராகப் பிழைத்தவர்கள், 1640களில் கரும்புக்கு மாறினார்கள். கரும்பை வெட்டிய ஓரிரு நாளுக்குள் பிழிந்தாக வேண்டும். ஆலையும் காய்ச்சும் கொப்பரையும் வேண்டும். அதற்கு மூலதனம் வேண்டும். சிறு உழவர்கள் விற்றுவிட்டு வெளியேறினார்கள், நிலம் சில நூறு பேரிடம் குவிந்தது. 1661இல் அவர்கள் எழுதிய அடிமைச் சட்டத்தை ஜமைக்காவும், பின்னர் தென் கரோலினாவும் எடுத்தாண்டன. சோறு விளைக்கும் நிலத்திலும் கரும்பே நட்டதால், உணவை எங்கிருந்தாவது வாங்க வேண்டியிருந்தது. அந்த எங்கிருந்தாவது என்பதுதான் நியூ இங்கிலாந்து. இங்கிலாந்திலிருந்து குடியேறிகள் வருவது 1640க்குப் பின் நின்றுபோய், மாடும் தானியமும் விலையின்றித் தேங்கிக் கிடந்த நேரத்தில், பாஸ்டன் வணிகருக்குக் கரும்புத் தீவுகள் கைகொடுத்தன. தரம் குறைந்த காட் மீன் அடிமைகளின் உணவாயிற்று. ஓக் பலகை சர்க்கரைப் பீப்பாயாயிற்று. திரும்பி வந்த வெல்லப்பாகு ரம் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்க அடிமைக் கப்பல்களில் பெரும்பங்கு ரோஜர் வில்லியம்ஸின் ரோட் ஐலண்டிலிருந்தே கிளம்பியது.

ஆகவே இரு சமூகங்கள் என்று நாம் பேசிக்கொண்டிருப்பது ஒரே கணக்கின் பற்றும் வரவும். வடக்கே அடிமைகள் குறைவாக இருந்தார்கள், ஏனெனில் அவர்களின் உழைப்பைக் கடல் தாண்டி வாங்க முடிந்தது.

27 ஜனவரி 2024

சென்னையைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இழை திசைமாறும் என்பதால் சுருக்கமாக. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் வர்ஜீனியா கம்பெனிக்கும் ஒரே காலத்தில் தலைமை வகித்தவர் சர் தாமஸ் ஸ்மைத். ஒரே மனிதர், ஒரே லண்டன் பணம். வர்ஜீனியாவில் விற்கும் பொருளைத் தாமே விளைவிக்க வேண்டியிருந்ததால் ஆட்களைக் குடியேற்றினார்கள். சோழமண்டலக் கரையில் உலகமே விரும்பிய துணியை நெய்பவர்களும் அதை விற்பவர்களும் ஏற்கெனவே இருந்ததால், 1639இல் கிடங்குக்கும் கோட்டைக்கும் இடம் பெற்றது போதுமானதாக இருந்தது. பாஸ்டனில் பிறந்து, 1687 முதல் 1692 வரை சென்னையில் ஆளுநராக இருந்து பொருள் சேர்த்த எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பிய சரக்குப் பொதிகள் 562 பவுண்டுக்கு விற்றன. கல்லூரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. பியூரிட்டன் கல்விக்கும் நம் கரைக்கும் உள்ள இந்தத் தொடர்பைத் தனி இழையாக யாராவது தொடங்கினால் எழுதுகிறேன்.

3 பிப்ரவரி 2024

"தோட்ட அடிமைமுறையைச் சட்டத்தால் மாற்றியிருக்க முடியாதா?" என்ற கேள்விக்கு விடை, தென் கரோலினாவுக்குத் தெற்கே இருந்த ஆங்கிலேயக் குடியேற்றமான ஜார்ஜியா. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

ஜேம்ஸ் ஓகில்தார்ப்பும் அவருடைய அறங்காவலர்களும் 1732இல் பட்டயம் பெற்று, 1733இல் சவானா நகரை நிறுவினார்கள். தென் கரோலினாவின் கதையைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் அவர்கள். பார்படாஸ் தோட்டக்காரர்கள் பெரும்பங்கு வகிக்க 1670இல் தொடங்கிய அந்தக் குடியேற்றத்தில் நெல் விளைந்தது, 1708 அளவில் கறுப்பர் எண்ணிக்கை வெள்ளையரைத் தாண்டியது. ஓகில்தார்ப் குழுவினர் வேறொரு சமூகத்தை வேண்டுமென்றே வரைந்தார்கள்: அறக்கொடையில் வருபவருக்கு ஐம்பது ஏக்கர், சொந்தச் செலவில் வருபவருக்கும் ஐந்நூறுக்கு மேல் இல்லை, நிலத்தை விற்கக் கூடாது, ஆண்வாரிசுக்கு மட்டுமே போகும், ரம் கூடாது, 1735 முதல் அடிமை கூடாது. அடிமைகளின்மேல் இரக்கம் மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ண வேண்டாம். அருகே ஃபுளோரிடாவில் ஸ்பானியர் இருக்க, எல்லையைக் காக்க ஆயுதம் தாங்கும் சிறு உழவர்கள் வேண்டும். எதிரியிடம் ஓடக் காத்திருக்கும் அடிமைகள் வேண்டாம் என்பது இராணுவக் கணக்கு.

சவானா ஆற்றின் மறுகரையில் நெல்லால் செல்வரானவர்களைப் பார்த்துக்கொண்டே இக்கரையில் கோடரி பிடித்தவர்கள் மனுமேல் மனு எழுதினார்கள். 1739இல் டேரியனில் இருந்த ஸ்காட்லாந்து மலைநாட்டார் அடிமைமுறை வேண்டாம் என்று எதிர்மனு கொடுத்தார்கள். எபனேசரில் இருந்த சால்ஸ்பர்க் ஜெர்மானியரும், வெப்பத்தில் வெள்ளையரால் நெல் விளைவிக்க முடியாது என்பது பொய், நாங்கள் விளைவித்திருக்கிறோம் என்று எழுதினார்கள். தட்பவெப்ப வாதத்துக்கு இந்த மனுவைவிட நேரடியான மறுமொழியை நான் படித்ததில்லை. விவசாயம் நடந்தது, ஆனால் அக்கரையில் கிடைத்த இலாபம் இக்கரையில் கிடைக்கவில்லை. நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாததால் கடனும் கிடைக்கவில்லை. பலர் கரோலினாவுக்கே போய்விட்டார்கள். 1740களில் நிலக் கட்டுப்பாடு தளர்ந்தது, ரம் வந்தது. 1751 தொடக்கத்திலிருந்து அடிமைகளை வைத்திருக்கலாம் என்றானது. 1752இல் அறங்காவலர்கள் பட்டயத்தையே அரசரிடம் ஒப்படைத்தார்கள். அமெரிக்கப் புரட்சிப் போர் தொடங்கிய வேளையில் ஜார்ஜியாவின் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அடிமைகள்.

சட்டத்தால் முடியாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். வேலி ஆற்றின் ஒரு கரையில் மட்டும் போடப்பட்டிருந்தது. மறுகரையில் அதே அரசரின் ஆட்சியில் எதிர்ச் சட்டம் நடந்தது. பழைய விதி போன இடத்தில் வந்த விதியையும் பாருங்கள்: அரச குடியேற்றமான ஜார்ஜியாவில் குடும்பத் தலைவருக்கு நூறு ஏக்கர், அவர் கொண்டு வரும் ஒவ்வொரு தலைக்கும் மேலும் ஐம்பது ஏக்கர். மனைவி ஒரு தலை, பிள்ளை ஒரு தலை; அடிமையும் ஒரு தலை.